ஒட்டும் இல்லை, உறவும் இல்லை

ஈயின் பின்பக்கத்தைப் பார்த்தே முப்பத்து நான்கு வருஷம் உத்தியோகம் பண்ணியவர் தாயுமானவன். இப்படிச் சொல்வது மரியாதைக்குறைவு என்று நினைக்க வேண்டாம். அவரே எல்லோரிடமும் இப்படித்தான் சொல்லிக்கொள்வார். அவருடைய மாமியாருக்கு மட்டும் இந்தப் பேச்சு பிடிக்காது. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், ‘கவர்மெண்ட்டில் சயன்டிஸ்ட்’ என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் பேச்சை மாற்றிவிடுவார்.

அரிசிக் குருணையில் பாதிகூட இருக்காத ஈக்கள் உலகத்தில் ஆயிரக்கணக்கான வகை உண்டு. மேலுக்குப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஆண் ஈயின் உடல் நுனியில், பெண்ணைப் பற்றிக்கொள்வதற்கென்று ஒரு ஜோடிப் பிடிப்பான் உண்டு. வீட்டுக்கு வீடு சாவி மாறுவதுபோல அது வகைக்கு வகை மாறும். அதனால் இந்தத் துறையில் ஒரு வழக்கம். ஆணைக் காரக் கரைசலில் ஊறவைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி, பிடிப்பானைப் பிரித்து, ஸ்லைடில் ஒட்டிப் பெயர் வைப்பார்கள். பெண் ஈக்களையும் புழுக்களையும் மொத்தமாக ஒரு ஸ்பிரிட் குப்பியில் போட்டு, ‘மற்றவை’ என்று சீட்டு ஒட்டி, அலமாரியின் கீழ்த்தட்டில் தள்ளிவிடுவார்கள். தாயுமானவனின் ஆய்வகத்தில் ஆண் ஸ்லைடுகள் பதினோராயிரம் இருந்தன. மற்றவை எத்தனை என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

தெரிந்தவள் அஞ்சலாட்சி. பண்ருட்டிப் பக்கத்துக்காரி, அந்த ஆய்வகத்தில் இருபது வருஷமாக டெக்னீஷியன். ஊசி முனையால் ஈயின் காலைத் தனியாகக் கழற்றி, உடையாமல் கண்ணாடியில் கிடத்துவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒருநாள் காலை, டீ வருவதற்கு முன்னால், அவள் யாரும் சொல்லாமலே போட்ட இரண்டு ஸ்லைடுகளைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தாள்.

“என்னம்மா இது?”

“ஒண்ணு மல்லி மொட்டு ஈ சார். இன்னொண்ணு பலாப்பூ ஈ. ரெண்டும் பொம்பள ஈ. முட்ட போடுற கொழாய மட்டும் பிரிச்சி வச்சிருக்கேன். ரெண்டும் ஒரே மாதிரி இருக்குது சார். நுனியில இருக்குற முடிகூட ஒரே எண்ணிக்கை.”

அவர் கண்ணாடியைக்கூட மாட்டவில்லை. “பெண்ண வச்சு உறவு சொல்ற வழக்கம் இல்லம்மா. பெண்ணெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆணைப் பாரு. ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.”

“பாத்தேன் சார். ஆணு வேறதான். ஆனா இது...”

“இருபது வருஷமா இருக்க. இது தெரியாதா உனக்கு?”

அவள் ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்திருக்கலாமே என்று பிற்பாடு தாயுமானவன் எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. எடுத்திருந்தால் மட்டும் என்ன கேட்டிருப்போம் என்றும் கூடவே தோன்றும்.

அப்போது மல்லிகைக்குக் கெட்ட காலம். மொட்டு ஈ என்றால் மொட்டுக்குள் முட்டை வைக்கிற ஈ. அதன் புழு உள்ளேயிருந்து தின்னும், மொட்டு ஊதா நிறமாகி உதிர்ந்துவிடும். மருந்துக்கு மேல் மருந்தாக அடித்தார்கள். ஈ பிழைத்துக்கொண்டது. விடியலில் பூப்பறிக்கப் போன பெண்களுக்குத்தான் மூச்சு இழுத்தது, கரு தங்கவில்லை. இதைப் பொறுக்காமல்தான் அரசாங்கம் ‘வாரிசறுப்பு’ என்ற திட்டத்தைக் கையில் எடுத்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முடிவெடுக்கிற கூட்டம் நடந்தது. தலைமை வகித்த செயலர் அம்மாள் எதையும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதவர்.

“இந்தக் கிருமி என்ன பண்ணும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க,” என்றார்.

கிருமியை வடிவமைத்த ரெஹானா என்ற இளம் விஞ்ஞானி எழுந்தாள். “பெண் ஈயோட சினைப்பையில குடியிருக்கும் மேடம். அம்மாகிட்டேர்ந்து முட்டைக்குப் போகும். மூணு தலைமுறை சும்மா தூங்கும், அதுக்குள்ள எல்லா எடத்துக்கும் பரவிடும். நாலாவது தலைமுறையில முழிச்சுக்கும். அப்புறம் பெண் முட்டை எதுவும் பொரிக்காது. பெண் இல்லேன்னா வம்சம் அதோட சரி.”

“வேற பூச்சிக்குப் போயிட்டா?”

“ஈயைக் கொட்டற குட்டிக் குளவி மூலமா போகலாம். ஆனா ரொம்ப நெருங்கின சொந்தத்துலதான் தங்கும். தூரத்து உறவுல ஒரு வாரத்துல செத்துடும்.”

“அப்ப யார் யார் நெருங்கின சொந்தம்?”

பதினாறு ஈக்களின் பட்டியல் மேஜையில் இருந்தது. பதினைந்தில் சிக்கல் இல்லை. பதினாறாவது பலாப்பூ ஈ. அது பயிரைக் கெடுக்காது. பலாவின் ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு மகரந்தத்தைச் சுமந்துபோவதே அதுதான். மகரந்தம் சேர்ந்த பூ சுளையாகும், சேராதது சக்கையாகும். அந்த ஈயைப் பற்றி மரபணுச் சோதனை இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருந்தது. ஒரு கணக்குப்படி பக்கத்து உறவு, இன்னொரு கணக்குப்படி கண்காணாத தூரம்.

“ஒடம்பைப் பார்த்துச் சொல்றவங்க யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டார் செயலர்.

அறையில் இருந்த அத்தனை தலைகளும் தாயுமானவன் பக்கம் திரும்பின. அவருக்கு அது பிடித்திருந்தது. ஈயின் பின்பக்கத்தைப் பார்ப்பவர் என்று கேலி பேசியவர்கள்கூட இன்று அவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து ஆண் ஈக்களின் படங்களைத் திரையில் போட்டார். ஒன்றின் பிடிப்பான் அரிவாள் மாதிரி வளைந்திருந்தது, மற்றது இரண்டு பல்லோடு அகன்றிருந்தது.

“இவ்வளவு மாறுறதுக்கு மூணு கோடி வருஷமாவது ஆகணும் மேடம். இதுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.”

அவர் கையெழுத்துப் போட்ட அடுத்த மாதமே கிருமியேற்றிய ஈக்களை மல்லிகைத் தோட்டங்களில் விட்டார்கள்.

இரண்டே வருஷத்தில் மல்லிகை பிழைத்துக்கொண்டது. மருந்துக் குப்பிகள் தோட்டங்களைவிட்டுப் போயின. பூப்பறிக்கிற ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்து, தாயுமானவன் கையில் அதைக் கொடுத்துவிட்டு அழுதாள். மற்றதையெல்லாம் கழித்துவிட்டாலும் அந்தக் குழந்தையை மட்டும் கழிக்க முடியாது.

நான்காம் வருஷம் பலா கைவிட்டது. மரம் நிறையக் காய்தான், ஆனால் எல்லாம் ஒரு பக்கம் ஒடுங்கி, கோணிக்கொண்டு. அறுத்துப் பார்த்தால் உள்ளே சுளை கிடையாது. தாயுமானவன் வெயிலைக் குறை சொன்னார். மழை தப்பியதைச் சொன்னார். பத்திரிகையில் ஒரு கட்டுரைகூட எழுதினார். அந்தக் கட்டுரை வந்த வாரம் அஞ்சலாட்சி விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் ‘குடும்பம்’ என்று ஒரே வார்த்தை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு அவருக்கும் வயதாகி ஓய்வு வந்தது. பழைய ஆளாயிற்றே என்று ஆய்வகத்தில் ஒரு மூலையில் உட்கார இடம் கொடுத்திருந்தார்கள். பேச்சு அடங்குகிற வழியாக இல்லை. வாரிசறுப்புதான் பலாவைக் கெடுத்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரேயடியாக வாயடைக்க வேண்டும் என்றுதான் அவர் கீழ்த்தட்டிலிருந்து ‘மற்றவை’ குப்பிகளை எடுத்தார். உண்மையைத் தேடி எடுத்தார் என்று சொன்னால் அது பொய். தான் சொன்னதே சரி என்று நிரூபிக்கத்தான் எடுத்தார்.

இருபத்தாறு நாள் பிடித்தது. பெண்களின் முட்டைக்குழல் அளவு மாறாமல் ஒன்றாக இருந்தது. புழுவின் நெஞ்சில், தோலைக் கிழிக்க உதவும் ஒரு சின்னத் தகடு உண்டு. அதன் நடுவில் உள்ள வெட்டுகூட இரண்டிலும் ஒரே ஆழம். ஆணின் பிடிப்பான் மட்டும்தான் வேறு. பெண்ணுக்குப் பிடித்தமான வடிவம் எதுவோ அந்தப் பக்கமே ஓடி ஓடி, ஆணின் உறுப்பு சீக்கிரம் சீக்கிரமாக உருமாறிவிடும் என்பது அவர் படிக்காததல்ல. வேகமாக மாறியதைப் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது என்று அன்றைக்குத் தப்பாக எண்ணியிருந்தார். மூன்று கோடி வருஷம் என்று சொன்னது, நிதானமாகப் பார்த்தால் மூன்று லட்சம்கூடத் தேறவில்லை. கூடப்பிறந்தவர்கள் மாதிரிதான் அந்த இரண்டு ஈக்களும்.

மைக்ரோஸ்கோப் விளக்கை அணைத்தார். அப்புறம் ரெஹானாவைப் போனில் கூப்பிட்டார்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. “சார், மொட்டு ஈக்கு ஒரு மாற்றுக் கிருமி அப்பவே செஞ்சு வச்சோம், ஏதாவது தப்பா போனா நிறுத்தறதுக்கு. ரெண்டும் ஒரே குலம்னு நீங்க எழுதிக் கொடுத்தா பலாப்பூ ஈக்கும் குடுக்கலாம். சர்க்கரைத் தண்ணில கலந்து வச்சா குடிச்சிடும்.”

“எழுதிக் கொடுக்கறேன்மா. இன்னிக்கே.”

“ஆனா பெண் ஈ வேணும். உயிரோட. கிருமி இன்னும் முழிச்சுக்காத பெண் எங்கயாவது மிச்சம் இருக்கணும். ஒண்ணே ஒண்ணு போதும் சார். நூறு முட்டை போடும். கூண்டுல வளர்த்துப் பெருக்கிடலாம்.”

தான் சொன்னது தப்பு என்று அன்றைக்கே நான்கு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகுதான் அஞ்சலாட்சிக்குப் போன் செய்தார்.

மாசி மாதத்து ஒரு திங்கட்கிழமை, பண்ருட்டிக்குத் தெற்கே செம்மண் பாதை பிரிகிற இடத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கினார். கையில் ஐஸ் பெட்டி, அதற்குள் பஞ்சில் சுற்றிய மாற்றுக் கிருமிக் குப்பி. அஞ்சலாட்சி ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். தலை நரைத்திருந்தது.

“வாங்க சார். எளச்சிட்டீங்க.”

“நீ எப்படிம்மா இருக்க?”

“இருக்கேன். பொட்டிய இப்படிக் குடுங்க, முன்னால வச்சிக்கிறேன்.” ஏற்கெனவே போனில் பேசியதை வண்டியில் போகும்போது மறுபடியும் சொன்னாள். “எங்க அண்ணன் மரத்த வெட்ட ஆளு சொல்லிட்டாரு. நூத்தி நாப்பது மரம். வியாழக்கெழம வாளோட வராங்க. நாலு வருசம் காயில ஒண்ணுமில்ல, இனிமே வச்சிக்கிட்டு என்னா பண்றதுங்கறாரு. உயிரோட ஒரு பொம்பள ஈ கெடச்சா நிறுத்திக்கிறேன்னு ஒத்துக்க வச்சிருக்கேன்.”

“நான் யாருன்னு சொன்னியா?”

“ஈ பாக்குறதுக்கு மெட்ராசுலேர்ந்து ஒருத்தர் வராருன்னு சொன்னேன். மிச்சத்த நீங்களே சொல்லிக்கிங்க சார்.”

அண்ணன் வைரக்கண்ணு தோப்பில்தான் இருந்தார். கறுத்து ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, முந்திக் காய்த்த ஒரு மரத்திலிருந்து காயை இறக்கினார். காதை வைத்து விரலால் தட்டிப் பார்த்தார். கத்தியில் எண்ணெய் தடவி நெடுக அறுத்து, இரண்டு பாதியையும் தாயுமானவன் முன்னால் விரித்து வைத்தார்.

“பாருங்க.”

உள்ளே வெளுத்த சக்கை மட்டும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. சுளை இருக்க வேண்டிய இடமெல்லாம் சக்கை. ஒரே ஒரு மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஏதோ மஞ்சளாகத் தொடங்கி, பாதியில் நின்றுபோயிருந்தது.

“கல்யாணம் பண்ணிக் குடுத்த பொண்ணுங்க மூணு பேருக்கும் மொத காய் ஆளுக்கு ஒண்ணு கொண்டும்போயி குடுப்பேன். எங்க அப்பாவும் அத்தைங்களுக்கு அப்படித்தான் செஞ்சாரு. நாலு வருசமா வெறுங்கையோட போறேன். சின்னப் பொண்ணு சொல்லுது, ‘பலா இல்லாட்டி என்னா, நீ வாப்பா’ன்னு. எனுக்குத்தான் வாசல்ல கால வைக்க கூச்சமா இருக்குது.” கத்தியைத் துணியால் துடைத்தார். “எவனோ ஒருத்தன் ரூம்புல ஒக்காந்துகிட்டு, ஒண்ணும் ஆவாதுன்னு எழுதிக் குடுத்தானாம். அவன் மரத்துல ஏறி பாத்தானா, கீழ நின்னுதான் பாத்தானா, தெரியல.”

அஞ்சலாட்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் இந்த மனிதரின் சோற்றைத் தின்றுவிட்டு, ஈ கிடைத்தபின் சொல்லிக்கொள்ளலாமே என்று தாயுமானவனுக்கு ஒரு நினைப்பு வந்தது. தன்னைப் பற்றி அவருக்கே அருவருப்பாக இருந்தது.

“நான்தாங்க அது,” என்றார். “நான்தான் எழுதிக் கொடுத்தேன். உங்க தங்கச்சி ரெண்டு ஈயும் ஒண்ணுன்னு காட்டிச்சு. நான் பாக்கல.”

வைரக்கண்ணு கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க இனி ஒன்றுமில்லை, இருந்தும் துடைத்தார். பிறகு தங்கையிடம் திரும்பி, “மணி ஒண்ணாவுது. சாருக்கு எல போடு,” என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குள் போய்விட்டார். தாயுமானவன் இலையில் உட்கார்ந்து, போட்ட சோற்றைத் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

வேலையை அன்று பிற்பகலே தொடங்கினார்கள். பலாவின் ஆண் பூங்கொத்து உதிரும்போது கறுப்பாகப் பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணத்தைத் தின்றுதான் ஈயின் புழு வளரும். உதிர்ந்த பூவையெல்லாம் பொறுக்கிக் கறுப்புத் துணிப் பைகளில் கட்டி, பையின் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகிவிட்டால், உள்ளே பொரித்து வரும் ஈ வெளிச்சத்தைத் தேடிக் குழாய்க்குள் வந்து நிற்கும். அறுபது பைகள் தைத்து வைத்திருந்தாள் அஞ்சலாட்சி. அவரும் குனிந்து குனிந்து பொறுக்கினார். இடுப்பு விட்டுப்போயிற்று.

“உன்ன நான் அன்னிக்குப் பேச விட்டிருக்கணும்,” என்றார் ஒரு மரத்தடியில்.

“ஆமாம் சார்.”

அவள் ‘பரவாயில்லை’ என்று சொல்வாள் என எதிர்பார்த்திருந்ததை, அது வராதபோதுதான் அவர் உணர்ந்தார்.

“நானும் பேசியிருக்கணும்,” என்றாள் பூவைப் பொறுக்கிக்கொண்டே. “ஸ்லைட எடுத்துக்கிட்டு நேரா அந்தச் செயலர் அம்மாகிட்ட போயிருக்கலாம். டெக்னீஷியன் சொன்னா யாரு கேப்பாங்கன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். என்னையும் அது தூங்க வுடல சார்.”

செவ்வாய்க்கிழமை காலை அறுபது குழாயும் காலி. வைரக்கண்ணு கோணிச் சாக்கோடு வந்தார். ஏணி போட்டு ஏறி, உயரக் கிளைகளில் கருகி நின்ற பூக்களை இறக்கிக் கொடுத்தார். மத்தியானம் ஓய்வாக உட்கார்ந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

“சார், மல்லியில வர்றதையும் பலாவுல வர்றதையும் நாங்க ஒரே பேருதான் சொல்லுவோம். பூங்கொசுன்னு. நீங்க வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்போம்.”

“பேர் ஒண்ணா இருந்தா உறவுன்னு ஆயிடாதுங்க. அதை நம்பியும் நான் எழுதியிருக்க மாட்டேன்,” என்றார் தாயுமானவன். பிறகு, “ஆனா ஒரு சந்தேகமாவது வந்திருக்கும்,” என்றார்.

“சந்தேகம் வந்திருந்தா?”

“கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.”

வைரக்கண்ணு தலையாட்டிக்கொண்டார். ஒத்துக்கொண்டாரா, மன்னித்தாரா, களைப்பில் ஆட்டினாரா என்று தெரியவில்லை.

புதன்கிழமை காலையிலும் ஐம்பத்தொன்பது குழாய் காலிதான். தோப்பின் கிழக்கு ஓரத்தில், கிணற்றடி நிழலில் கட்டியிருந்த கடைசிப் பையின் அருகே போன அஞ்சலாட்சி அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்தாள். கையை மட்டும் தூக்கி அவரை அழைத்தாள். அவர் ஓடினார். அறுபத்தாறு வயதில் ஓடக்கூடிய அளவுக்கு ஓடினார்.

குழாய்க்குள் ஈக்கள் இருந்தன. இறக்கையை அசைத்துக்கொண்டு, உயிரோடு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. எண்ணினாள். பதினேழு.

“அண்ணா,” என்று குரல் கொடுத்தாள். “அண்ணா, இருக்குது.”

வைரக்கண்ணு வந்து குனிந்து பார்த்தார். அவர் கண்ணுக்குத் தூசி மாதிரி ஏதோ அசைவது தெரிந்தது, அவ்வளவுதான். அதற்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாள்காரருக்குப் போன் போடப் போனார். “நாளைக்கி வர வேணாம். நானே சொல்றேன்,” என்று அவர் சொல்வது காதில் விழுந்தது. நாலு வருஷத்தில் அந்த மனிதர் இப்படிக் கத்திப் பேசியிருக்க மாட்டார் என்று தாயுமானவனுக்குத் தோன்றியது. அவருக்கே கண் நிறைந்துவிட்டது. தப்பைத் திருத்திக்கொள்ள எல்லோருக்கும் வழி கிடைத்துவிடுவதில்லை, நமக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தார்.

குழாயைப் பைக்குள் மறைத்து நிழலுக்குக் கொண்டுவந்தார்கள். அஞ்சலாட்சி ஐஸ் பெட்டியைத் திறந்து, மாற்றுக் கிருமியைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து பஞ்சில் நனைத்துத் தயாராக வைத்தாள். அவர் பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தார்.

இந்த வகையில் ஆண் எது, பெண் எது என்று பார்க்க உடலைப் பிரிக்க வேண்டியதில்லை. உணர்கொம்பு போதும். ஆணுக்கு அது மணி கோத்த மாதிரி நீண்டிருக்கும், உடம்பைவிட நீளம். பெண்ணுக்குக் குட்டையாக, மணி இல்லாமல் இருக்கும். கண்ணாடிக்குள் முதல் ஈ தெரிந்தது. நீளக் கொம்பு. இரண்டாவது, நீளம். மூன்று, நான்கு, ஐந்து. ஒன்பதாவதில் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார், எண்ணிக்கை தப்பிவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டு. பதினேழையும் பார்த்தார். குழாயைத் திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை பார்த்தார்.

“சார்,” என்றாள் அஞ்சலாட்சி.

அவர் கண்ணாடியை அவளிடம் நீட்டினார். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுடைய உதடு எண்ணிக்கொண்டே வந்து பதினேழில் நின்றது. இங்கே மிஞ்சியிருந்த ஈக்களிலும் கிருமி நாலாம் தலைமுறையை எட்டி விழித்துக்கொண்டிருந்தது. இந்தத் தோப்பில் கடைசியாக முட்டை வைத்த தாய்களின் பெண் முட்டைகள் ஒன்றுவிடாமல் பூசணத்துக்குள்ளேயே அடங்கிப்போக, ஆண் பிள்ளைகள் மட்டும் பொரித்து வந்திருந்தார்கள்.

அவள் நனைத்து வைத்த பஞ்சைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “எல்லாம் ஆணுதான் சார்,” என்றாள். “எடுத்துக்கிட்டுப் போங்க. ஸ்லைடு போட்டு வச்சிக்கிங்க.”

அதில் குத்தல் இருந்ததா என்றுகூட அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இருந்திருந்தாலும் அவளுக்கு உரிமை உண்டு.

அவள் எழுந்து அண்ணனிடம் போனாள். என்ன சொன்னாள் என்பது தாயுமானவன் காதில் விழவில்லை. வைரக்கண்ணு மறுபடி போனை எடுத்து, அதைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் வாள்காரரைக் கூப்பிட்டு, இந்தத் தடவை மெதுவாக, “இல்லப்பா. நாளைக்கே வாங்க,” என்றார்.

ஸ்பிரிட் குப்பி தாயுமானவனின் பையில்தான் இருந்தது. கிடைத்த எந்த ஈயையும் அதில் போடாமல் அவர் விட்டதில்லை. குழாயை எடுத்துக்கொண்டு பக்கத்து மரத்தடிக்குப் போனார். புதுப் பூங்கொத்துகள் அடிமரத்திலேயே மஞ்சள் தூளோடு நின்றன, இனிப்பு வாசம் அடித்தது. குழாயின் அடைப்பை எடுத்தார். ஈக்கள் ஒவ்வொன்றாக விளிம்புக்கு வந்து, தயங்கி, கிளம்பின.

வைரக்கண்ணு அவர் பின்னால் வந்து நின்றிருந்தார்.

“வுட்டுட்டீங்களா?”

“ஆமாங்க.”

“பொம்பள இல்லாம அது என்னா பண்ணும்?”

“தேடும். ஒவ்வொரு பூவா போய் உக்காந்து தேடும்.”

“எத்தினி நாளு?”

“ரெண்டு நாள். அதோட ஆயுசே அவ்வளவுதான்.”

வைரக்கண்ணு அண்ணாந்து பார்த்தார். அந்த உயரத்தில் அவர் கண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்காது. இருந்தும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போனை எடுத்து மூன்றாவது தடவையாக வாள்காரரைக் கூப்பிட்டார்.

“நாளைக்கி வேணாம்பா,” என்றார். “சனிக்கெழம வாங்க.”